என்ர!

ஸ்காபரோ பள்ளி ஜிம்.
வலைக்கு இந்தப் பக்கம் ஆறு பேர்.
பந்து எழும்பினால் ஒருத்தி கத்தவேண்டும்,
இல்லையென்றால் இருவர் மோதுவார்கள்,
அல்லது யாரும் தொடாமல்
நடுவில் விழும்.

கார்த்திகை முழுக்க நடுவில்தான் விழுந்தது.
மிதுஷா பந்திடமும் "சொறி" சொல்லுகிற பிள்ளை.

இன்றைக்கு,
விளக்குகளுக்குள் மறைந்து பந்து இறங்குகையில்
"என்ர!"
ஜிம் திரும்பிப் பார்த்தது.
எதிரணிக்கு விளங்கவில்லை.
பக்கத்தில் நின்ற ஜமேக்காப் பிள்ளைக்கு
விளங்கியது; விலகினாள்.
பந்து வெளியே போனது, அது வேறு கதை.

இரவு, இடியப்பத்துக்கு நடுவே
சித்தப்பா அவளுடைய படிப்பைத்
தீர்மானித்துக்கொண்டிருந்தார்.
சொதிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு
முன்கைகள் இரண்டையும் மேசையில் வைத்தாள்.
இன்னும் சிவப்பு ஆறவில்லை.
"என்ர," என்றாள்.
கத்தவில்லை.

நான் கரண்டியோடு
ஓரடி விலகினேன்.