ஒன்பதாயிரம் ரூபாய்க் கம்பி

கல்முனைக் கடைக்காரன்
கம்பியைக் கழுத்தில் மாலைபோல் போட்டுக் காட்டினான்:
"ஒன்பதாயிரம். இதக் கொழுவிப் பாருங்க,
பாட்டு வேற பாட்டு மச்சான்."
செட்டையே நான் பதினேழுக்குத்தான் வாங்கினேன்,
அதுவும் செகண்ட் ஹாண்ட்.
யோசித்துச் சொல்கிறேன் என்று
மருதமுனைக்கு பஸ் ஏறினேன்.

வீட்டில் அதே குழப்பம்.
பாடுகிறவள் எங்கே நிற்கிறாள் என்றே தெரியாது.
அலுமாரிக்குள் பாதி, குசினியில் பாதி.
மேளமோ வெறும் பிஸ்கட் டின்.

ஷிபானா டோர்ச்சோடு பெட்டிக்குப் பின்னால் குனிந்தாள்.
"இஞ்ச வாங்க. இந்தப் பக்கம்
செவப்புல கறுப்பு மாட்டிக் கிடக்கு."
ஆறு மாதம்!
ஆறு மாதமாய் ஒரு பெட்டி தள்ள
மற்றது இழுத்திருக்கிறது.

மாற்றினோம். மேளம் வந்தது,
அளவுக்கு மீறி வந்தது,
மூலைக்குள் நின்று யன்னல் கண்ணாடியை உலுப்பியது.
இரண்டடி முன்னே இழுத்து
மதில் கட்டி மிஞ்சிய கல்லில் ஏற்றினோம்.
இழை பிசகி விற்காமல் கிடந்த படுக்கை விரிப்பை
நாலாய் மடித்து எதிர்ச்சுவரில் தொங்கவிட்டாள்.

பாடுகிறவள் நடுவுக்கு வந்தாள்.
அரிசி மூடைக்குச் சற்று மேலே நின்று
அடுத்த வரிக்கு மூச்செடுத்தாள்.

ஆனாலும் ஏதோ ஒரு கரகரப்பு.
அம்ப்பா, பெட்டியா,
மறுகாவும் அந்தக் கம்பிதானா என்று
நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க
ஷிபானா எழும்பி ஃபேனை நிறுத்தினாள்.

ஏப்ரல் புழுக்கம்.
சேர்ட் முதுகில் ஒட்ட
கடைசிப் பாட்டுவரை அசையாமல் இருந்தோம்.

நேற்றுக் கடைக்காரன் போன் எடுத்தான்.
ஃபேன் சத்தத்தில்
ஒன்றும் விளங்கவில்லை என்றேன்.