நான்காவது குரல்

ஏப்ரல் மாதத்து வேலூர். மின்விசிறி
சுற்றுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தது.
உளவியல் செய்முறை வகுப்பில் பெலிசிட்டா மிஸ்
கைபேசியை மேசைமேல் வைத்து
ஆறு குரல்களை ஓடவிட்டார்.
ஆறும் படித்தது ஒரே பத்தி,
மறதி என்கிற பாடத்தின் தொடக்கம்.
ஆள் எப்படியிருப்பார், எழுதுங்கள் என்றார்.

நாங்கள் முப்பது பேர் கண்ணால் எழுதினோம்.
முதல் குரலுக்கு மீசை வைத்தோம்,
மாநிறம் பூசினோம், வங்கியில் வேலை கொடுத்தோம்.
என் பக்கத்துப் பெண்
நெற்றியில் விபூதியே இட்டுவிட்டாள்.

கடைசி வரிசையில்
ஷாஹீனும் முனிரத்தினமும்
பிரெய்ல் பலகையில் ஊசி குத்துகிற ஓசை,
தகரக் கூரைமேல் வரலாமா என்று யோசிக்கிற தூறல்.

தாளைப் புரட்டி விரல் வைத்துப் படித்தாள் ஷாஹீன்:
முதல் ஆள் நின்றுகொண்டு பேசுகிறார்.
கீழ்ப்பல் ஒன்று இல்லை,
'ச' வரும் இடத்தில் காற்று தப்பிப்போகிறது.
அறையில் இரும்பு பீரோ இருக்கிறது,
கடைசிச் சொல்லை அது இன்னொரு முறை சொல்கிறது.
வீட்டில் உருது. ஆனால் எங்கள் வாணியம்பாடி உருது இல்லை,
பேரணாம்பட்டு.

ஆள் சிவப்பா, கறுப்பா? யாரோ கேட்டார்கள்.
அதைக் குரலில் எந்த இடத்தில் வைப்பார்கள், என்றாள்.
கிண்டல் இல்லை.
அவளுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

(ஆய்வக உதவியாளர் நசீர் பாய்.
தினமும் எங்களுக்குச் சாவி தருகிறவர்.
எங்கள் வங்கி அதிகாரி.)

முனிரத்தினம் தப்பும் செய்தான்.
இரண்டாவது, ரொம்ப உயரமான பெண் என்றான்.
காட்பாடி ஜங்ஷனில் ரயில் வருவதைச் சொல்லும் அம்மா
கூரைக்குமேல் தலை உள்ளவர் என்றே
பத்து வயது வரை நம்பியிருந்தானாம்;
சத்தம் மேலேயிருந்துதானே வருகிறது.
இந்தக் குரலில் அந்த அம்மாவின் ஜாடை.
ஜெராக்ஸ் கடை பவானி அக்கா நாலே முக்கால் அடி.
வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான்.
நானும்தான்.

மூன்றாவது நினைவில்லை.
நான்காவதற்கு நான் எழுதியது இது:
பெண். முப்பதைத் தாண்டியவள். கூரான மூக்கு.
நடித்துப் பேசுகிறாள்.
இவளுக்குக் கைமாற்று தரமாட்டேன்.

முனிரத்தினம் தாளில் ஒரு பெயர் மட்டும்:
ஜாய்ஸ் கிருபா.

அது என் பெயர்.

ஜனவரியில் அவனுக்காக நான் பதிவு செய்த
பாடப் புத்தகத்திலிருந்து
நாற்பது நொடி.
மிஸ் கேட்டதற்கு அவன்தான் கொடுத்திருந்தான்.
காது சுட்டது. தாளை மடித்தேன்.
இரண்டாம் முறையும் மடித்தேன்.

ஐந்தும் ஆறும் யாரென்று சொல்வதற்குள் மணி அடித்தது.

நடையில் அவன் கோலைத் தட்டிக்கொண்டு வந்தான்.
நீ எழுதினது கரெக்ட்டுதான், என்றான்.
கேன்டீன்ல 'இன்னாடா, டீ கீதா'ன்னு கேக்கறே பாரு,
அது நீ.
பாடம் படிக்கும்போது வேற யாரோ.
தானம் பண்ண வந்தவங்க குரலு.
எழுத்து எழுத்தாத் தொடைச்சித் தர்றாங்க.

அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்சே?

ஏழாவது பாடத்துல ஒரு கொசு.
பட்டுனு ஒரு அடி. 'சனியனே, ரத்தத்தப் பாரு'ன்னு ஒரு குரலு.
உடனே திரும்பவும் மகாராணி.
அந்தப் பத்து நொடிய வச்சித்தான்
மத்த ஒம்பது மணி நேரமும் நீதான்னு நம்பினேன்.

இரவு விடுதியில் போட்டுக் கேட்டேன்.
கொசு வரும்வரை
கூர்மூக்குக்காரி படித்துக்கொண்டே போனாள்.
வெளியே சித்தூர் ரோட்டில் லாரி ஒன்று
கியர் மாற்றியது. ஓட்டுநருக்கு உடனே ஒரு லுங்கி கட்டினேன்,
கழுத்தில் ஒரு துண்டு போட்டேன்.
அவர் குரலே எனக்குக் கேட்கவில்லை.

எட்டாவது பாடம் இன்னும் பதியவில்லை.
ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு
பொத்தானை அழுத்தினேன்.