பரிசீலனையில்

யீஷூன், கார் நிறுத்துமிடத்தின் மொட்டைமாடி.
வெள்ளைக் கோடுகள் இன்னும் அழியவில்லை.
நாற்பத்து மூன்றாம் எண் கார் நின்ற இடத்தில்
கங்கோங்.

தண்ணீரைத் திருப்பிச் சுற்றவிடும் பம்புக்குப்
பாதி மானியம் உண்டு.
முதலில் நான் கட்ட வேண்டும்.
பிறகு ரசீது, பிறகு படிவம், பிறகு
'பரிசீலனையில் உள்ளது.'

கங்கோங்குக்கு இருபத்தொரு நாள் போதும்.
அந்த ஒரு வரிக்குள்
நான்கு முறை அறுத்துவிட்டேன்.

இன்று குவெக் வந்தார், அளவு நாடாவோடு.
சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ?
கிலோவுக்கு எத்தனை லிட்டர்?
பூச்சிமருந்து?
இல்லை என்று சொல்லி,
கொண்டைக் குருவி கொத்திய தழையைக் காட்டினேன்.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
பேனாவைக் கடித்தபடி நின்றார்.
கட்டம் இல்லை.
ஓரத்தில், பென்சிலில், சின்னதாக
'குருவி' என்று எழுதிக்கொண்டார்.

லிஃப்ட் வரும் நேரம்
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"ஒரு கட்டு என்ன விலை?"
சும்மா எடுத்துப் போங்கள் என்றேன்.
ஐயோ, கூடவே கூடாது என்று பதறினார்.
கதவு மூடியது.

வேரில் சொட்டிய தண்ணீர்
சிமெண்டுத் தரையில் காயவில்லை,
அதற்குள் என் கைப்பேசியில் டிங்:
இரண்டு வெள்ளி.