தராசின் முகம்

கொழுந்து மடுவத்துக்குப் புதுத் தராசு வந்த அன்று
பெட்டியைப் பிரித்தவன் நான்.
முகம் எந்தப் பக்கம் என்று
யாரும் சொல்லவில்லை.
மேசை கிடந்த பக்கம் திருப்பி வைத்தேன்.
மேசைக்குப் பின்னால் நான் இருந்தேன்.

நடந்தது இவ்வளவுதான்.
ஆனாலும் ஏழு வருஷம்
சிவப்பு எண்கள் என் கண்ணுக்கு மட்டும் எரிந்தன.
வரிசையில் நின்றவர்களுக்குத் தராசின் முதுகு.
முதுகில் ஒரு முத்திரை, ஒரு தேதி,
அதற்கு மேலே என் வாய்.
பதினாறு என்று நான் சொன்னால் பதினாறு.
தண்ணிக்கு ஒன்று, பைக்கு ஒன்று கழித்துப்
பதினாலு என்று எழுதினால்
அரைப் பேர்.

வெளியூர்க்காரருக்கு இது விளங்காது.
எங்கள் மலையில் ஒரு நாள் கூலிக்குப் பெயரே
பேர்தான்.
பேர் போட்டாச்சா என்று கேட்பார்கள்.
பேர் விழவில்லை என்று அழுவார்கள்.
நாலு கிலோ குறைந்ததற்காக
ஒரு மனுஷியின் பேரில் பாதியைப்
பென்சிலால் எடுத்திருக்கிறேன்.
மீதிப் பாதியோடு அவள்
லயத்துக்கு ஏறிப் போவாள்.

நானும் லயத்தில் பிறந்தவன்தான்.
காற்சட்டை மட்டும் நீளம்.

ஐப்பசி மழை.
அட்டைக்குப் பயந்து சவுக்காரம் பூசிய கால்களோடு
புஷ்பகாந்தி வந்தாள். பையை வைத்தாள்.
நான் வாய் திறக்குமுன்
மேசையைச் சுற்றி வந்து
என் பக்கத்தில் நின்று பார்த்தாள்.
சின்னத் தொரை மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே
"அந்தப் பக்கம் போ" என்றார்.
அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பது
அப்போதுதான் எனக்கே உறைத்தது.

"நம்பர் என்ன மூலஸ்தானமா,
நான் எட்டிப் பார்த்தா தீட்டாயிருமா?"
கேட்டுக்கொண்டே
கைப்பிள்ளையைத் திருப்புவதுபோல
தராசை வரிசைப் பக்கம் திருப்பி வைத்தாள்.
முப்பது பேர் வாய்விட்டு வாசித்தார்கள்:
பத்தொன்பது புள்ளி நாலு.

பதினோரு நாள் வேலை நிறுத்தம்.
ஹட்டனில் பேச்சுவார்த்தை.
பெரிய தொரைக்கும் சொந்தப் பேர் உண்டென்று
அங்கேதான் தெரிந்தது.
அட்டையில் எழுதி மேசையில் வைத்திருந்தார்கள்,
முழுப் பேர்.
அவருக்கும் சங்கத் தலைவருக்கும் கைவைத்த நாற்காலி.
புஷ்பகாந்திக்குச் சுவரோரம் வாங்கு.

தண்ணிக் கழிவை நிறுத்தலாம் என்றார்கள்.
பைக் கழிவையும்.
தராசைத் திருப்ப மட்டும் முடியாதாம்.
ஒரு நாளைக்கு இரண்டு கிலோ,
இருநூறு பேருக்கு,
பேனாவைக்கூடத் தேடாமல் விட்டுக் கொடுத்தவர்கள்
ஒரு சாண் திருப்பத்துக்கு
மூன்று தரம் தேத்தண்ணி குடித்தார்கள்.

கடைசியில் ஒப்பந்தம்:
தராசு பக்கவாட்டில் இருக்கும்.
இப்போது அவர்களும் கழுத்தை ஒடிக்கிறார்கள்,
நானும் ஒடிக்கிறேன்.
எண் சுவரைப் பார்த்து எரிகிறது.

அடுத்த ஆயுத பூசைக்குத்
தராசுக்கும் மாலை போட்டோம்.
பூசிய சந்தனம் வழிந்து கண்ணாடியை மூடியது.
சின்னத் தொரை சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.
நானும் கும்பிட்டேன்.
எதைக் கும்பிட்டேன் என்று கேட்காதீர்கள்.

புஷ்பகாந்தி முந்தானையால்
கண்ணாடியை மட்டும் துடைத்தாள்.
உள்ளே பூச்சியம்.
அதையும் சத்தமாக வாசித்தாள்.