தாமதத்துக்கான காரணம்

பத்தொன்பது நிமிடம் ஏன் என்று கேட்கிறார்கள்.
மாதக் கூட்டம். திரையில் சராசரிக் கோடு,
அதற்கு வெகுமேலே தனியாக ஒரு சிவப்புப் புள்ளி.
என் வண்டி.

குமாரம் தாண்டியதும் கரும்பு டிராக்டர்கள்,
வால் பிடித்தாற்போல் ஆலை வாசல் வரை.
பின்விளக்கு கிடையாது. ஒதுங்க இடமும் கிடையாது.
சோணைமுத்து அண்ணன் சைரனை அணைத்துவிட்டு
ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார்.
மனுசக் குரலுக்குத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்படி ஒரு டிராக்டரின் முதுகில்தான்
பைக்கோடு மோதியிருந்தான் அவன்.
இருபத்திரண்டு வயது. வலது தொடை கிழிந்து.
அந்த ரத்தத்துக்கு ஐந்து நிமிடமே அதிகம்.
வழியிலேயே மனதுக்குள்
வெள்ளைத் துணியை எடுத்து வைத்துவிட்டேன்.

போனால்,
அரையிடுக்கில் முஷ்டியை ஊன்றி
முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்து ஒருவர்.
பரோட்டா மாஸ்டர் சிக்கந்தர்.
முழங்கை வரை மாவு காய்ந்திருந்தது.
"போன்ல ஒரு பொண்ணு சொல்லுச்சும்மா,
அமுக்குங்க, எடுத்து எடுத்துப் பாக்காதீங்கன்னு.
நான் பாக்கவே இல்ல."

பட்டையை இறுக்கி, நேரத்தைக் குறித்து,
விடுங்கண்ணே என்றேன்.
விரல் விரியவில்லை.
ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன்.

கோரிப்பாளையம் சிக்னலில் அவன் தண்ணீர் கேட்டான்.
கொடுக்கவில்லை.
கேக்குறான்ல, கேக்குறான்ல என்று
முன்சீட்டில் சிரித்தார் சோணைமுத்து அண்ணன்.

போன வாரம் செல்லூரில் ஆறு நிமிடம்.
கோட்டுக்குக் கீழே சமர்த்தாக ஒரு பச்சைப் புள்ளி.
தறிக்கூட வாசலில் சாய்ந்தவரைச் சுற்றி நாற்பது பேர்.
நல்லவர்கள். விசிறினார்கள்.
கைக்குள் சாவிக்கொத்தைத் திணித்தார்கள்,
வாயில் சோடா ஊற்றினார்கள்.
நெஞ்சில் கை வைக்க மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.
நான் வைத்தபோது
அது வெறும் நெஞ்செலும்பு.
அந்தப் புள்ளியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

வேகம் வேண்டாம் என்றா சொல்கிறேன்?
அந்தப் பக்கத்துக்கு இன்னொரு வண்டி வேண்டும்,
டிராக்டருக்கு ஒரு சிவப்பு விளக்காவது வேண்டும்.
மூன்று முறை எழுதிக் கொடுத்தாயிற்று.

படிவத்தில் அழைப்பு நேரம் ஒரு கட்டம்.
சேர்ந்த நேரம் அடுத்த கட்டம்.
நடுவில் மெல்லிய ஒரு கோடு.
சிக்கந்தர் அந்தக் கோட்டின்மேல்தான் மண்டியிட்டிருந்தார்.

தாமதத்துக்கான காரணம்: கரும்பு.
பேனாவை மூடப் போனவள் திரும்பத் திறந்தேன்.
இதர குறிப்புகள்:
அடுப்பு எரிந்தபடி இருந்தது.
கல்லில் எட்டு பரோட்டா கருகிப்போயின.