வாளிக்குப் புள்ளி இல்லை

சுட்டெண் நூற்றுப் பதினேழு
இரண்டால் பெருக்க மறந்துவிட்டது.
ஒரு மட்டத்தில் இருவர் இருக்கலாம்,
ஒன்றின் சுழற்சி மேல் நோக்கினால் மற்றதினது கீழ்.
அந்த இரண்டு.
ஆகையால் முப்பத்து மூன்று வரவேண்டிய இடத்தில்
ஐம்பத்து மூன்று வந்து நிற்கிறது.
சிவப்புப் பேனையால் வட்டம் போடுகிறேன்.
கல்லடியில் கரண்ட் போய் நாற்பது நிமிடம்.
போன் வெளிச்சத்தில் இன்னும் பத்தொன்பது தாள்.

கேள்வி சின்னது:
அணுக்கருவை ஒரு வாயு எனக் கொள்க.
புரோத்தன்களும் நியூத்திரன்களும்
ஒன்றையொன்று அறியாதவைபோல்
ஒரே பெட்டிக்குள் திரிகின்றன என்க.

என்க என்று எழுதும்போது எனக்கே கூச்சம்.
இந்த வாவிக்கரை முழுக்கத் தேடினாலும்
இவ்வளவு நெரிசலான சாமான் வேறில்லை.
அதற்குப் பெயர் வாயுவாம்.
நூற்றுப் பதினேழும் அதைத்தான் கேட்டிருக்கிறது,
ஓரத்தில், பென்சிலால்:
நெருக்கமென்றால் மோதாதா?

பின்னேரம் வந்த வாழைச்சேனை பஸ் ஞாபகம் வந்தது.
வந்தாறுமூலையில் ஏறி ஏறாவூர் தாண்டும்வரை
என் ஒரு கால் யாருடைய அரிசிப் பையிலோ.
உள்ளுக்குப் போங்க, உள்ளுக்கு இடமிருக்கு.
இல்லை, பஸ் சரிவராது.
பஸ்ஸில் இருக்கை என்பது ஓரிடம்.
கருவுக்குள் இருக்கை என்பது ஒரு வேகம்.
மெதுவானவை முதலில் நிரம்பிவிடும்,
பிந்தி வந்தவர் விரைந்தே ஆகவேண்டும்,
கடைசி ஆளுக்கு ஒளியின் காற்பங்கு.
முற்றாய்க் குளிர்ந்து பூச்சியத்துக்கே போனாலும்
எல்லாரும் நிற்க வழியில்லை.
நிற்கும் இடம் எப்போதோ எடுபட்டுப் போயிற்று.

மோதலாம். மோதினால் வேகம் மாறும்.
மாறிப்போக ஒரு காலி வேகம் வேண்டும்.
அண்டை அயலெல்லாம் ஆள் இருக்கிறது.
அதனால் மோதல் நடப்பதில்லை.
நிரம்பியிருப்பதால்தான்
ஒவ்வொன்றும் தன்பாட்டில் போகிறது
காற்றைப்போல.

மூன்று வருடமாய் இதைச் சொல்லி வருகிறேன்.
இன்றைக்குத்தான் பேனையை மூடி வைத்தேன்.

முகம் கழுவத் தண்ணீரில்லை.
நேசராணி அக்காவின் பின்வளவில் இரண்டு கிணறு.
பழையது பதினொரு கொட்டு.
புதியது கடல் வந்துபோன பிறகு இறக்கியது,
ஆறே கொட்டு.
இரண்டுக்குள்ளும் வெளிச்சம் அடித்தேன்.
அடி வேறு வேறு,
தண்ணீர் மட்டம் ஒன்று.

நியூத்திரன்களுடையது ஆழக் கிணறு.
தங்களுக்குள் தள்ளுப்படும் புரோத்தன்களுக்கோ
அடித்தளம் மேலே வந்துவிட்டது.
ஈயத்தில் அங்கே நூற்றிருபத்தாறு, இங்கே எண்பத்திரண்டு,
விளிம்பு மட்டும் ஏறத்தாழச் சமம்.
ஒன்றில் கூடினால் மற்றதற்கு ஊறும்:
ஒரு நியூத்திரன் புரோத்தனாகும்,
ஓர் இலத்திரனையும்
கண்ணில் படாத இன்னொன்றையும்
வெளியே எறிந்துவிட்டு.
கல்லடி மணல் எதையும் எறிவதில்லை.
உவமைக்கு இவ்வளவுதான் கயிறு.

வந்து தாளைத் திருப்பினால்
நூற்றுப் பதினேழு படம் கீறியிருக்கிறது.
பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கிணறு,
ஏணிப்படியாய் மட்டங்கள்,
படிக்கு இரண்டு இரண்டாய்ப் புள்ளிகள்.
கணக்கில் தொலைந்த இரண்டு
இங்கே இருந்திருக்கிறது, ஒவ்வொரு படியிலும்.
ஆழக் கிணற்றின் மேல் ஒரு கப்பி,
கயிறு,
சாய்ந்த வாளி.

புள்ளித்திட்டத்தைப் பார்த்தேன்.
விடைக்கு நான்கு, அலகுக்கு ஒன்று, படத்துக்கு மூன்று.
வாளிக்கு இல்லை.
வட்டத்தை அழிக்கவும் வழியில்லை, சிவப்பு மை.
பக்கத்தில் இரண்டரை என்று போட்டேன்,
ஏன் அரை என்று யாரும் கேட்டால்
கிணற்றடிக்குத்தான் கூட்டிப்போக வேண்டும்.

கரண்ட் வந்தது.
நிறுத்த மறந்த மோட்டர் இருட்டுக்குள் உறுமத் தொடங்கியது.
புதியதில் இறைத்தால் பழையதும் இறங்கும்.
நான் போய்ப் பார்க்கவில்லை.
நூற்றுப் பதினெட்டு.
விடை சரி.
அலகு போடவில்லை.