இருபத்தைந்து கிலோ

முதல் பை, அக்கா மகன் உயர்நிலை இரண்டில்
கழித்துப் போட்ட பள்ளிப்பை.
லிஃப்ட் ஆறாம் மாடியில் நின்றது, கதவு திறந்தது,
அடி கிழிந்தது.
ஐந்து கிலோ தட்டு தனியாக உருண்டுபோய்
யார் வீட்டுப் பாண்டான் தொட்டியிலோ முட்டி நின்றது.
தொட்டிக்கு ஒன்றுமில்லை. தட்டுக்கும் ஒன்றுமில்லை.
எனக்குத்தான் முகம் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வீட்டில் தூக்க முடியாது.
கீழ்வீட்டு காக் ஹஸ்னாவுக்கு
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை.
பகலில் அவர் தூங்கும் தூக்கத்தின் கூரை
என் தரை.
ஒருநாள் மெதுவாகத்தான் வைத்தேன்.
மேலே ஏறிவந்து, கோபமே இல்லாமல்,
"மழை வருமா?" என்று கேட்டார்.
அன்றிலிருந்து இரும்பு என்னோடு இறங்குகிறது,
புளோக்குக்குப் பின்னால் உள்ள உடற்பயிற்சி மூலைக்கு.

இரண்டாவது பை இணையத்தில் வாங்கியது.
நாற்பது லிட்டராம்.
மேலே முப்பத்தைந்து லிட்டர் காற்று, அடியில் இரும்பு.
எட்டு வைக்கும்போதெல்லாம்
பின்னாலிருந்து யாரோ தோளை இழுத்து
'கொஞ்சம் நில், ஒன்று சொல்லணும்' என்பதுபோல இருக்கும்.
மூன்றாம் வாரம் வலது வார் பிரிந்தது.
சொல்லவந்தது அதுதான் போல.

ஆகவே சனிக்கிழமை, பீச் ரோடு,
ராணுவச் சாமான் விற்கும் மாடி.
கீழே மீன்சூப் ஆவி, மேலே பூட்ஸ் ரப்பர் வாடை.
தட்டுகளைத் தள்ளுவண்டியில் கட்டிக் கொண்டுபோனேன்,
பத்தில் இரண்டு, ஐந்தில் ஒன்று,
செருப்பு வாங்கப் போகிறவர்
காலைக் கொண்டுபோவது மாதிரி.

"இது லேப்டாப்புக்கு மேடம், இது பிக்னிக்குக்கு.
வீட்டுக்காரருக்கா? என்எஸ்ஸா?"
"எனக்கு."
கோ அங்கிள் "ஓ" என்றார்.
அந்த ஓவுக்குள்ளேயே நுழைந்து, கடையின் பின்பக்கம் போய்
நாலைந்து பையை அள்ளிவந்து போட்டார்.

ஒவ்வொன்றையும் உள்ளுக்குள் கைவிட்டுத் திருப்பினேன்.
வார் முதுகில் சேரும் இடத்தில் நூல்
ஒரு கட்டம் கட்டி, அதற்குள் பெருக்கல் குறி போட்டிருக்க வேண்டும்.
ஒற்றைக் கோடாக ஓடியிருந்தால் அது தையல் இல்லை,
வாக்குறுதி.
தட்டு மேலே நிற்க வேண்டும், முதுகெலும்பை ஒட்டி.
இடுப்புப் பட்டையில் பஞ்சு வேண்டும்.
தலைக்கு வைத்தால் சும்மாடு,
இடுப்புக்கு வைத்தால் என்ன பெயரோ.
மிச்ச இடத்துக்குப் பழைய துண்டு ஒன்று போதும்,
சத்தத்தையும் அதுவே விழுங்கும்.

நான்காவது பை, பாசிப் பச்சை, யாரோ சுமந்து விட்டது.
மார்க்கரில் எழுதிய பெயர் அழிந்து
'ரா' மட்டும் பாக்கி.
அறுபத்தெட்டு வெள்ளி. அறுபதுக்கு வந்தார்.
நான் கேட்காமலே ஒரு ஜோடி பூட்ஸ் கயிறும் போட்டார்,
எதற்கென்று இன்னும் தெரியவில்லை.

நிக்கல் ஹைவே நிலையத்தில் பையைச் சோதிக்கக் கேட்டார்கள்.
குணாளன் என்று சட்டையில் பெயர்.
ஒரு கையால் இழுத்தார்.
பை வரவில்லை, அவர் வந்தார்.
ஜிப்பைத் திறந்தார், துண்டை விலக்கினார்.
"என்னக்கா இது?"
"இரும்பு."
"எதுக்கு?"

இதற்கு ஒரு துக்கத்தைத் தயாராக வைத்திருக்க வேண்டும் போலிருக்கிறது.
படுத்த படுக்கையான ஒருவர், விட்டுப்போன ஒருவர்,
டாக்டர் சொன்ன ஒரு வார்த்தை.
என்னிடம் எதுவும் இல்லை.
"தூக்கினா நல்லா இருக்கு" என்றேன்.

இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்,
வேலைக்குத் தேவையானதைவிட ஒரு கணம் கூடுதலாக.
எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள்.
"இடது வார் ஒரு விரல் நீளமா இருக்கு" என்றார்.

இறுக்கினேன். உண்மைதான்.

வண்டியில் இடம் இருந்தது.
மடித்த தள்ளுவண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு
உட்காராமல் வந்தோம்,
இன்னும் பழகாத இரண்டு பேர்,
புரமனாட் வரை.